நார்சிசஸ் யாரைப் பார்க்கிறான்?

கி. பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது சாம்பலுக்கடியில் புதைந்துபோன பாம்பேயி நகரைப் பற்றி வாசகர்கள் படித்திருப்பார்கள். 1748இல் அங்கே தொடங்கிய அகழ்வுப்பணி இன்றும் தொடர்கிறது. வெளிப்பட்ட வீடுகளுள் நுழைபவரை முதலில் நிறுத்துவன சுவர்களே. கூடத்தில், படுக்கையறையில், விருந்தறையில், தோட்டத்தின் மதிலில் என எங்கு திரும்பினாலும் கிரேக்கப் புராண மாந்தர் நிற்கிறார்கள், அமர்கிறார்கள், உறங்குகிறார்கள். கோயிலுக்கோ அரண்மனைக்கோ எழுதப்பட்டவை அல்ல இவை. வணிகரும் நிலக்கிழாரும் உண்டு உறங்கிய வீடுகளின் சுவர்கள் இவை.

இந்த ஓவியக் கூட்டத்திலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நீரிலோ, மெருகிட்ட உலோகத்திலோ ஒரு பிம்பம் தெரியும் ஓவியங்கள் அவை. ஒளியியல் கற்பிப்பவன் கண்ணில் இவை படாமல் போகா. அதோடு, இவற்றைப் பற்றி அறிவியல் பேசுவோரிடையே இருவகைப் பேச்சு நடமாடுகிறது. ஒரு சாரார், படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற விதியை ஓவியர் அறியவில்லை என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவர். மற்றொரு சாரார், பழங்காலத்தார் எல்லாம் அறிந்திருந்தனர், இதோ பாருங்கள், ஓவியத்திலேயே குழியாடி இருக்கிறது என்பர். இரண்டு பேச்சும் ஓவியத்தைப் பார்ப்பதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. அளவுகோலைக் கையில் எடுத்தபின் அதை எங்கே வைப்பது என்பதைப் பற்றியது இக்கட்டுரை.

முதலில் நார்சிசஸ். காடு சூழ்ந்த ஒரு சுனையில் தன் முகத்தைக் கண்டு, அது வேறொருவன் முகமென்று எண்ணிக் காதல்கொண்டு, அவ்விடம் விட்டு அகலாமல் மாய்ந்துபோன இளைஞன். ரோமானியக் கவிஞர் ஓவிட், கி. பி. 8ஆம் ஆண்டளவில் முடித்த ‘உருமாற்றங்கள்’ என்ற நூலின் மூன்றாம் பகுதியில் இக்கதையை விரிவாகச் சொல்கிறார். பாம்பேயிச் சுவர்களில் இவன் அடிக்கடி தோன்றுகிறான். பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான். பாறைமேல் சாய்ந்தபடி, உடல் நம் பக்கம் திரும்பியிருக்க, கையில் வேட்டை ஈட்டியுடன் அமர்ந்திருப்பான். கீழே ஒரு சிறு குட்டை. அதில் அவன் முகம் மட்டும் தலைகீழாக, சற்று மங்கித் தெரியும்.

இப்போது அளவுகோலை வைப்போம். அமைதியான நீர்ப்பரப்பு ஒரு சமதள ஆடி. நீருக்கு மேல் உள்ள பொருள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, பிம்பம் அவ்வளவு ஆழத்தில் தோன்றும். மோவாய் நீருக்கு அருகிலும் உச்சந்தலை தொலைவிலும் இருப்பதால், எதிர்க்கரையில் நிற்கும் நமக்கு முகம் தலைகீழாகத் தெரியும். இதுவரை ஓவியர் சரி. ஆனால் இவ்விதிக்கு இன்னொரு விளைவு உண்டு. நீரில் நாம் காணும் பிம்பம், நீர்மட்டத்திற்குக் கீழே, நம் கண்ணின் உயரத்தளவு ஆழத்தில் இன்னொரு கண்ணை வைத்துப் பார்த்தால் தெரியும் காட்சிக்குச் சமம். குட்டையின்மேல் குனிந்திருப்பவனை நேராகப் பார்த்தால் அவன் தலைமயிர்தான் நமக்குத் தெரியும். அவன் முகத்தையும் மோவாயின் அடிப்பகுதியையும் நாசித் துவாரங்களையும் காட்டுவது நீர்தான். மேலே மயிர், கீழே முகம். ஊர்க்குளத்துப் படிக்கட்டில் குனிந்து குடம் நிரப்புபவரை எதிர்ப் படித்துறையிலிருந்து பார்த்தால் இது விளங்கும்.

பாம்பேயி ஓவியரோ மேலேயும் முழு முகம் தருகிறார், கீழேயும் அதே முழு முகத்தைக் கவிழ்த்துத் தருகிறார். இரண்டும் ஒருங்கே நிகழ முடியாது. அது மட்டுமா? பல சுவர்களில் நார்சிசஸ் நீரைப் பார்ப்பதே இல்லை! முகத்தை நம் பக்கமோ, ஓரளவு பக்கவாட்டிலோ திருப்பி, ஏதோ நினைவில் ஆழ்ந்தவன்போல் அமர்ந்திருக்கிறான். தன் பிம்பத்தைப் பார்த்துப் பார்த்தே செத்தவன் கதையை எழுதப் புகுந்தவர், அவனைப் பிம்பத்தைப் பாராதவனாக எழுதியிருக்கிறார். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ இதே கதையை எழுதியபோது, பையனைப் பக்கவாட்டில் வைத்து, முழங்கால் ஊன்றி, மூக்கு நீரைத் தொடுமளவுக்குக் குனியவைத்துவிட்டார். அங்கே பார்வை எங்கே செல்கிறது என்ற ஐயமே எழாது. பாம்பேயியில் அந்த ஐயம்தான் எழுகிறது.

அறியாமையால் வந்த பிழை என்று இதை ஒதுக்க என்னால் முடியவில்லை. ரோமானியர் பிம்பங்களைப் பற்றி அறியாதவர் அல்லர். கி. மு. முதல் நூற்றாண்டில் லுக்ரீஷியஸ் தம் நெடும் பாடலின் நான்காம் பகுதியில் ஆடிகளைப் பற்றியும் இடவல மாற்றத்தைப் பற்றியும் ஆராய்கிறார். தெருக்கற்களின் இடையே விரலளவு ஆழமாகத் தேங்கிய நீரில், வானம் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம் தெரிவதைக் கவனித்து எழுதியவர் அவர். கி. பி. முதல் நூற்றாண்டினராகக் கருதப்படும் அலெக்சாந்திரியா நகர ஹீரோ, ஒளி மிகக் குறுகிய பாதையில் செல்கிறது என்று கொண்டு எதிரொளிப்பு விதியை மெய்ப்பித்துக் காட்டினார். சுவரோவியக் கைவினைஞர் ஹீரோவைப் படித்திருக்க மாட்டார்தான். ஆனால் வீட்டுக்கு வீடு முற்றத்தில் நீர்த்தொட்டி இருந்த ஊரில், நாள்தோறும் அதைத் தாண்டி வேலைக்கு வந்த ஒருவர் நீரில் முகம் எப்படித் தெரியும் என்பதைக் கண்டிருக்க மாட்டாரா? முகத்தைக் கவிழ்த்து எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. குட்டையைக் கருமையாகவும் முகத்தை மங்கலாகவும் எழுதவும் தெரிந்திருக்கிறது.

இந்த மங்கலைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். நீர்ப்பரப்பில் ஒளி செங்குத்தாக விழும்போது ஏறத்தாழ 2 விழுக்காடுதான் எதிரொளிக்கிறது. எஞ்சியது உள்ளே புகுந்துவிடுகிறது. படுகோணம் 60 பாகையானாலும் 6 விழுக்காடுதான். 80 பாகையில்தான் 35 விழுக்காட்டை எட்டுகிறது. மெருகிட்ட வெள்ளி 90 விழுக்காட்டுக்கு மேல் எதிரொளிக்கும் என்பதோடு இதை ஒப்பிடுங்கள். நேராகக் குனிந்து பார்க்கும் நார்சிசஸுக்குக் கிடைப்பது அந்த 2 விழுக்காடு. அடித்தரையிலிருந்து வரும் ஒளி அதைவிடக் கூடுதலாக இருந்தால் முகம் தெரியாது, கூழாங்கற்கள்தாம் தெரியும். வெள்ளைப் பீங்கான் தட்டிலும், கரி படிந்த இருப்புச்சட்டியிலும் நீர் ஊற்றி முகம் பாருங்கள், வேறுபாடு புரிந்துவிடும். ஓவிட் வருணிக்கும் சுனைமீது மரங்கள் வெயிலை விழவிடுவதில்லை. கவிதைக்குக் குளிர்ச்சி வேண்டிச் சொன்னாரோ என்னவோ, ஒளியியலுக்கும் அது பொருந்துகிறது. ஓவியரும் குட்டையை இருட்டாக்கிவிட்டார். அச்சுப்படங்களை மட்டும் கண்டு எழுதுகிறவன் நான். நிறம் பற்றிச் சொல்லும்போது இதைச் சொல்லிவிடுவது முறை. என்றாலும் குட்டை கருமை, முகம் மங்கல் என்பது வெவ்வேறு பதிப்புகளிலும் மாறாமல் இருக்கிறது.

ஓவிட் கதையில் இன்னொருத்தியும் உண்டு. எக்கோ என்ற வனதேவதை. பிறர் பேச்சின் கடைசிச் சொற்களைத் திருப்பிச் சொல்ல மட்டும் வல்லவள். நார்சிசஸை விரும்பி, அவனால் ஒதுக்கப்பட்டு, உடல் தேய்ந்து குரலாக மட்டும் எஞ்சுகிறாள். ஒலி திரும்பி வருவதும் ஒளி திரும்பி வருவதும் ஒரே கதையில்! இலத்தீனில் ‘இமாகோ’ என்ற ஒரே சொல் பிம்பத்தையும் குறிக்கும், எதிரொலியையும் குறிக்கும். ஓவிட் அதை வைத்து விளையாடுகிறார். தமிழில் எதிரொலி, எதிரொளி என ஓரெழுத்தே வேறுபாடு. இக்கதையைத் தமிழில் சொல்ல வருபவருக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் ஓவியருக்கு இந்த வாய்ப்பு இல்லை. குரலை எப்படி எழுதுவது? சில சுவர்களில் ஒரு பெண் பின்னால் நின்று பார்க்கிறாள். அவளை எக்கோ என்று அறிஞர் இனங்காண்கின்றனர். எனக்கு அந்த ஓவியங்கள் நிறைவு தரவில்லை. அவள் அங்கே துணைக்கு நிற்கும் யாரோ ஒருத்தியாகத்தான் இருக்கிறாள்.

பார்வைக் கோட்டுக்குத் திரும்புவோம். நார்சிசஸின் முகத்தை நாம் நீரில் காண்கிறோம். உடனே, அவனும் அதையே காண்கிறான் என்று எண்ணிக்கொள்கிறோம். அப்படி எண்ணுவது பிழை. ஒளிப்பாதை திருப்பத்தக்கது என்று பத்தாம் வகுப்பிலேயே படிக்கிறோம். ஓர் ஆடியில் ஒருவருடைய கண்கள் நேரே நம் கண்களைச் சந்திக்கக் கண்டால், அவர் அந்த ஆடியில் காண்பது நம் கண்களை. தம்முடையதை அன்று. பேருந்தில் ஓட்டுநர் தலைக்குமேல் உள்ள கண்ணாடியில் அவர் கண்களை நீங்கள் கண்டால், அவர் உங்களைக் கண்டுவிட்டார் என்று பொருள். 2003இல் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக உளவியலாளர் மார்க்கோ பெர்தமினியும் உடன் ஆய்ந்தோரும் இதைச் சோதித்து எழுதினர். ஆடியைப் பார்க்கும் பெண்ணின் ஓவியத்தை மக்களுக்குக் காட்டினால், ஆடியில் முகம் நமக்கு எதிராகத் தெரிந்தபோதிலும், அவள் தன்னையே பார்க்கிறாள் என்றே பெரும்பாலோர் சொல்கின்றனர். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் எழுதிய வீனஸ் ஓவியத்தை முன்னிட்டு இதற்கு ‘வீனஸ் விளைவு’ என்று பெயரிட்டனர். வெலாஸ்கெஸுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாம்பேயிக் கைவினைஞர் இந்த விளைவை நம்பித் தொழில் நடத்தியிருக்கின்றனர். பார்ப்பவர் கண்டுகொள்ள மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லில் வைத்திருக்கத் தேவையில்லை, கையில் இருந்தால் போதும்.

ஆகவே அவர்கள் பிம்பத்தை வைத்த இடம் நார்சிசஸின் கண்ணுக்கு ஏற்ற இடம் அன்று, நம் கண்ணுக்கு ஏற்ற இடம். இது பிழையானால், நமக்குச் சாதகமாகச் செய்த பிழை. இந்த முறை எங்கே ஓவியத்துக்குத் துணை செய்தது, எங்கே அதைக் கெடுத்தது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

பெர்சியஸ், ஆண்ட்ரோமீடா ஓவியங்களில் இது இடறுகிறது என்பது என் கருத்து. மெடூசாவின் முகத்தை நேரே கண்டவர் கல்லாவர். அவள் தலையைக் கொய்த பெர்சியஸ், அது எப்படியிருக்கும் என்று காணவிரும்பும் ஆண்ட்ரோமீடாவுக்கு நீரில் காட்டுகிறான். இருவரும் பாறைமேல் அருகருகே அமர்ந்திருக்க, அவன் தலையை உயரத் தூக்கிப் பிடிக்கிறான். கீழே நீரில் அந்த முகம். காதலர் இருவர் சேர்ந்து ஒரு பயங்கரத்தைப் பத்திரமாகப் பார்க்கும் காட்சி. எண்ணம் அருமையானது. ஆனால் தலையிலிருந்து வரும் ஒளி நீரில் பட்டு ஒவ்வொரு கண்ணுக்கும் வெவ்வேறு இடத்திலிருந்துதான் செல்ல முடியும். தலை நீருக்கு மேல் 2 மீட்டரிலும், ஒருவர் கண் 1 மீட்டரிலும் இருந்தால், இரண்டுக்கும் நேர் கீழான இடங்களுக்கிடையே உள்ள தூரத்தை 2க்கு 1 என்ற விகிதத்தில் பிரிக்கும் புள்ளியில், கண்ணுக்கு அருகான பக்கத்தில், எதிரொளிப்பு நிகழும். பெர்சியஸுக்கு ஒரு புள்ளி, ஆண்ட்ரோமீடாவுக்கு ஒரு புள்ளி, நமக்கு ஒன்று. ஓவியர் மூவருக்குமாக ஒரே ஒரு முகத்தை எழுதிவைத்தார். அதைக்கூட விட்டுவிடலாம். தூக்கிப் பிடித்த தலையையும் நம் பக்கமே காட்டுகிறாரே! நீரில் மட்டும் காணத்தக்க முகத்தை நேரே காட்டிவிட்டால் நீருக்கு என்ன வேலை? கல்லாகும் அச்சம் போய்விடுகிறது. மேலே ஒரு முகம், கீழே ஒரு முகம், நடுவில் அழகான இருவர் என்று அடுக்கிவைத்ததாக முடிகிறது. கதை கேட்டது ஒளிவுமறைவு. ஓவியர் கொடுத்தது விளக்கப்படம்.

இதற்கு நேர்மாறான வெற்றி, பாம்பேயியில் பாக்கியஸ் அலெக்சாந்தர் வீடு எனப்படும் வீட்டின் விருந்தறைச் சுவரிலிருந்து பெயர்த்து இப்போது நேப்பிள்ஸ் தேசியத் தொல்பொருள் காட்சிச்சாலையில் வைத்துள்ள ஓவியம். டிராய்ப் போரில் அக்கிலிஸின் கவசம் பறிபோகிறது. அவன் தாய், கடல்தேவதை தெட்டிஸ், கொல்லுத் தெய்வமான ஹெஃபெஸ்டஸின் பட்டறைக்கு வந்து புதிய கவசம் கேட்கிறாள். அவள் அமர்ந்திருக்கிறாள். அவள் முன்னே பெரிய வட்டக் கேடயத்தைத் தூக்கி நிறுத்துகின்றனர். கீழே ஒரு வேலையாள் தலைக்கவசத்தில் முனைந்திருக்கிறான். பளபளக்கும் கேடயத்தில், அமர்ந்த கோலத்தில் தெட்டிஸின் உருவம் தெரிகிறது.

கேடயம் வெளிப்புறம் புடைத்தது. ஆகவே அது குவியாடி. குவியாடியில் எப்போதும் நேரான, சிறிதான மாயபிம்பமே தோன்றும். எனவே முழு உருவமும் சிறுத்து அடங்கியது சரியே. ஆனால் குவியாடியின் தனிக்குணம் வேறொன்று. அது பரந்த வெளியை உள்ளடக்கும். சாலை வளைவுகளில் குவியாடி நிறுத்துவது இதனால்தான். அந்தக் கேடயத்தில் உலைக்களம், கதவு, ஹெஃபெஸ்டஸின் கை, நிற்பவர்கள், எல்லாமே தெரிந்திருக்க வேண்டும். ஓவியர் அத்தனையையும் துடைத்துவிட்டுத் தெட்டிஸை மட்டும் விட்டிருக்கிறார். ஒளியியல் தேர்வில் இது தோற்கும். ஓவியத்தில் இதுதான் உயிர்.

ஏனென்று சொல்கிறேன். ஹோமரின் காவியத்தில் இந்தக் கேடயத்தின்மேல் உலகமே செதுக்கப்பட்டிருக்கிறது. நிலம், வானம், கடல், இரு நகரங்கள், உழவு, அறுவடை, நடனம் என்று நீண்டு செல்லும் புகழ்பெற்ற வருணனை அது. வேறு சில பாம்பேயிச் சுவர்களில் இதே காட்சியில் கேடயத்தின்மேல் ராசிமண்டலம் எழுதப்பட்டிருக்கிறது. ஹோமரை நினைந்து செய்தது அது. இந்த ஓவியரோ உலகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தாயின் உருவத்தை வைத்தார். மகன் இந்தக் கவசத்தை அணிந்து ஹெக்டரைக் கொல்வான், அதன்பின் அவனுக்கும் நாள் அதிகம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கேட்டு வாங்க வந்த பொருளில் அவள் காண்பது தன்னையே. உலைக்களத்துக் கதவும் சன்னலும் அதில் தெரிந்திருந்தால் ஆடி சரியாக இருந்திருக்கும், காட்சி சிதறியிருக்கும்.

இங்கும் வீனஸ் விளைவு உண்டு. தெட்டிஸின் முகம் கேடயத்தில் நமக்குத் தெரிகிறது என்றால், ஒளிப்பாதையின்படி அவள் காண்பது விருந்தறையில் சாய்ந்து உண்டுகொண்டிருந்த விருந்தினரை. இதைப் பிடித்துக்கொண்டு, ஓவியர் வேண்டுமென்றே விருந்தினரைக் கதைக்குள் இழுத்தார் என்று வாதிடத் தோன்றும். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் உளவியல் சோதனை அதற்கு இடந்தரவில்லை. அன்றைய விருந்தினரும், இன்றைய சோதனைக்கு உட்பட்டவர் போலவே, தெட்டிஸ் தன்னைப் பார்க்கிறாள் என்றுதான் கண்டிருப்பர். காணாத ஒன்றை அவர்கள் சுவைத்ததாகச் சொல்வது, இயற்பியலைக் கொண்டு ஓவியத்தை இல்லாத அறிவாளித்தனத்துக்கு உயர்த்துவதாகும்.

அந்த வகை உயர்த்தலுக்குப் பெயர்பெற்ற இடம் ஒன்றுண்டு. பாம்பேயியின் மதிலுக்கு வெளியே, 1909இல் வெளிப்பட்ட ‘மறைபொருள் மாளிகை’. சிவப்புப் பின்னணியில் ஆளுயர உருவங்கள் அறையைச் சுற்றி வருகின்றன. கி. மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அங்கே முதியவரான சைலினஸ் ஒரு கிண்ணத்தைப் பிடித்திருக்க, இளைஞன் ஒருவன் அதனுள் உற்றுப் பார்க்கிறான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் சைலினஸின் முகமூடி ஒன்றைத் தூக்கிப் பிடிக்கிறான். கிண்ணத்தின் உட்புறம் குழியாடி என்றும், இளைஞன் தன் முகத்துக்குப் பதிலாக முகமூடியைக் காணும்படி ஒளியியல் சூழ்ச்சி செய்யப்பட்டிருக்கிறது என்றும் ஒரு விளக்கம் உண்டு. அவன் வெறுமனே குடிக்கிறான் என்பாரும் உளர்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். உட்புறம் பளபளக்கும், அடி உருண்டையான எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுங்கள். வளைவு ஆரம் 10 செ. மீ. என்று வைத்துக்கொண்டால் குவியத் தூரம் 5 செ. மீ. முகத்தை 20 செ. மீ. தொலைவில் வைத்தால், கிண்ணத்தின் அடியிலிருந்து ஏறத்தாழ 6.7 செ. மீ. மேலே, மூன்றில் ஒரு பங்கு அளவில், தலைகீழான மெய்பிம்பம் தோன்றும். 40 செ. மீ. தொலைவில் பின்னால் ஒருவர் முகமூடியைப் பிடித்தால் அதன் பிம்பம் 5.7 செ. மீ. தூரத்தில், ஏழில் ஒரு பங்கு அளவில் தோன்றும். விளிம்பை நெருங்கும் கதிர்களுக்கு இச்சூத்திரம் சரிவராது என்பதையும் நினைவில் வையுங்கள். கிடைத்த காட்சி என்ன? நடுவில் பெரிதாகச் சொந்த முகம் தலைகீழாக, ஓரத்தில் சின்னஞ்சிறிதாக முகமூடி, அதுவும் தலைகீழாக. முகமூடி தெரியாது என்று சொல்ல முடியாது. சொந்த முகத்தை நீக்கிவிட்டு அது மட்டும் தெரியும் என்றும் சொல்ல முடியாது. சூழ்ச்சி நடந்தது என்பதற்குச் சுவர் சான்று தரவில்லை, நடக்கவில்லை என்பதற்கும் தரவில்லை. கிண்ணத்துக்குள் என்ன தெரிகிறது என்பதை ஓவியர் எழுதவே இல்லை. இத்தனை ஓவியங்களிலும் பிம்பத்தை நம் பக்கம் திருப்பி வைத்த ஊரில், இந்த ஒருவர் மட்டும் அதை மறைத்துவிட்டார். பார்ப்பவன் காண்பது நமக்குக் கிடையாது. பாம்பேயியில் ஒளியியல் விதிக்கு மாறு செய்யாத பிம்ப ஓவியம் இது ஒன்றே என்று வேடிக்கையாகச் சொல்லலாம்!

நார்சிசஸ் ஓவியங்களுள் எது சிறந்தது என்று கேட்டால், வரைதிறனைப் பார்த்து மார்க்கஸ் லுக்ரீஷியஸ் ஃப்ரான்டோவின் வீட்டுச் சிற்றறையில் உள்ளதைச் சொல்வார் பலர். எனக்கு ஆக்டேவியஸ் குவார்டியோ வீடு எனப்படும் வீட்டில் உள்ளதே முதன்மை. அதன் தோட்டத்துப் பக்கம் நீண்ட நீர்க்கால்வாய் ஒன்று ஓடுகிறது. அதன் ஒரு கோடியில், திறந்த வெளியில், விருந்தினர் சாய்ந்து உண்ண மேடைகள். நடுவே சிறு மாடம், அதிலிருந்து கால்வாயில் விழும் நீர். மாடத்தின் ஒரு பக்கச் சுவரில் நார்சிசஸ், மறுபக்கம் பிரமஸ், திஸ்பி என்ற காதலரின் சாவு. மேடையின்மேல் ‘லூசியஸ் எழுதினான்’ என்ற பொருளில் இலத்தீன் எழுத்துகள். பாம்பேயி ஓவியர் தம் பெயரைப் பொறிப்பது மிக அரிது. பெயரைப் பொறித்த இந்த லூசியஸோ தேர்ந்த கை அல்லர். உடலின் அளவுகள் ஒத்துவரவில்லை, நார்சிசஸின் முகம் உணர்ச்சியற்றிருக்கிறது. சிறந்த ஓவியர்கள் பெயரில்லாமல் போனார்கள், இவர் பெயர் நிலைத்தது.

ஆனாலும் அவருக்குக் கிடைத்த இடத்தைப் பாருங்கள். எழுதிய குட்டைக்கு எதிரே உண்மையான நீர். விருந்தினர் குனிந்தால் அவருடைய முகம் கால்வாயில் தெரியும். அங்கே 2 விழுக்காட்டு ஒளியும் படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் அவரவர் கண்ணுக்கேற்ப ஒழுங்காக வேலை செய்யும். நீரைப் பாராத நார்சிசஸ் சுவரில், நீரைப் பார்க்கும் விருந்தினர் மேடையில். சுவரில் ஓவியர் விட்டுவிட்ட பார்வையைக் கால்வாய் நிறைவு செய்கிறது. இதை லூசியஸ் திட்டமிட்டாரா, வீட்டுக்காரர் கேட்டாரா என்பது வேறு வினா. அமைப்பு அப்படி அமைந்திருக்கிறது.

சுவரையும் மறந்துவிடக் கூடாது. கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலின் ஏழாம் பகுதியில் நல்ல சுவர்ப்பூச்சுக்கு முறை சொல்கிறார். மணற்சுண்ணக் கலவை மூன்று பூச்சு, அதன்மேல் பளிங்குத் தூள் கலந்த சுண்ணம் மூன்று பூச்சு, பிறகு மெருகு. இப்படிச் செய்த சுவர் பளபளப்பதோடு, எதிரே நிற்பவர் உருவத்தையும் காட்டும் என்கிறார். எல்லா வீட்டுக்காரரும் ஆறு பூச்சுக்குச் செலவிட்டிருக்க மாட்டார்கள். செலவிட்ட வீடுகளில், எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், நார்சிசஸின் முகத்தின்மேலேயே பார்ப்பவர் முகமும் நிழலாடியிருக்கும். அந்த மெருகு இன்று பெரும்பாலும் போய்விட்டது. நூல்களில் அச்சாகும் படங்கள் நேர் ஒளியில், பளபளப்புத் தெரியாத கோணத்தில் எடுக்கப்பட்டவை. ஓவியத்தைச் சட்டமிட்டு வெட்டித் தருவதால் அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சாய்ந்து உண்பவர் கண்ணுக்கு மேலா கீழா என்பதும் தெரிவதில்லை.

2018 நவம்பரில் பாம்பேயியின் ஒரு வீட்டில் லீடாவும் அன்னமும் உள்ள ஓவியம் வெளிப்பட்டது. 2019 பிப்ரவரியில் அதே வீட்டின் நடுக்கூடத்தில் ஒரு நார்சிசஸ் கிடைத்த செய்தி வந்தது. ரோமானிய நடுக்கூடத்தின் கூரையில் திறப்பும், அதன் கீழே தரையில் மழைநீர்த் தொட்டியும் இருப்பது வழக்கம். வெளிச்சம் மேலிருந்து விழும். தொட்டிநீர் அசைந்தால் அந்த ஒளி சுவரில் ஆடும். நகரில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படாமல் இருக்கிறது. அங்கேயும் நார்சிசஸ் இருப்பான். அவனைக் கண்டெடுப்போர் வண்ணப்படத்தோடு, எழுதிய குட்டை தரையிலிருந்து எத்தனை செ. மீ. உயரம், பக்கத்தில் உண்மையான நீர் எவ்வளவு தொலைவு, வெளிச்சம் எந்தப் பக்கம் என்ற மூன்று அளவுகளையும் சேர்த்து வெளியிட்டால், எங்களைப் போன்றவர்கள் இன்னும் பொறுப்போடு பேச முடியும்.